அட்டைக்குள் கிடைத்த புத்தகம்

1929-ல் எஸ்தோனியத் தலைநகர் தாலினில், ஹெல்முட் வைஸ் என்ற அறிஞர் பழைய நூல் ஒன்றின் அட்டைக்குள் வேறொரு நூலின் தாள்களைக் கண்டெடுத்தார். பயன்படாத அச்சுத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி அட்டையைக் கெட்டியாக்குவது அந்தக் கால வழக்கம். அப்படிக் கழிவாகப் போய்த்தான் அந்தத் தாள்கள் பிழைத்திருந்தன. அவை 1535-ல் ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் அச்சான ஒரு ஞானோபதேச நூலின் பகுதிகள். ஜெர்மன் பகுதியை எழுதியவர் சைமன் வான்ராட், எஸ்தோனியத்தில் பெயர்த்தவர் யோஹான் கோயல். இருவரும் தாலின் போதகர்கள். ஒரு பக்கம் கீழ் ஜெர்மன், எதிர்ப்பக்கம் எஸ்தோனியம். எஸ்தோனிய மொழியில் அச்சாகி, சில தாள்களாவது இன்று எஞ்சியிருக்கும் நூல்களில் இதுவே மிகப் பழையது.

ஆக, எஸ்தோனியர் தம் மொழியின் பழைய அச்சு நூலைத் தேடினால் ஒரு ஜெர்மன் அச்சகத்துக்குத்தான் போய்ச் சேர்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு ஜெர்மானியர் எழுதும் பால்டிக் வரலாறும் பாதி வரலாறுதான்.

இந்த உறவை அன்யோன்யம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பெரிய தவறு. 13-ஆம் நூற்றாண்டில் வாளோடு வந்து நிலத்தைப் பிடித்த ஜெர்மானியரின் வாரிசுகள் பிரபுக்களானார்கள். நிலத்தில் உழைத்த எஸ்தோனியர் பண்ணையடிமைகளானார்கள். அந்த அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது வடக்கில் 1816-ல், தெற்கில் 1819-ல். அந்தக் கசப்பைத் தொடாத ஆய்வை நான் நம்ப மாட்டேன். ஜெர்மனியின் கணக்கில் இன்னொன்றும் உண்டு. கிழக்கு நாடுகளைப் பற்றிய ஆய்வு என்ற பெயரில் அங்கே பல பேராசிரியர்கள் நாஜிகளின் ஆக்கிரமிப்புக்கு நியாயம் எழுதிக் கொடுத்தார்கள். 1939-ல் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் போட்டதும், தலைமுறை தலைமுறையாக எஸ்தோனியாவில் வாழ்ந்த ஜெர்மானியர் சில மாதங்களில் மூட்டை கட்டிக் கப்பலேறினார்கள்.

பத்திரங்களும் ஊரைவிட்டுப் போயின. தாலின் 1248-ல் ஜெர்மன் நகரமான லூபெக்கின் சட்டத்தைப் பெற்ற வணிக நகரம். அதன் நகரமன்றம் நூற்றாண்டுக் கணக்கில் எழுதிவைத்த கணக்குப் புத்தகங்கள், வழக்குகள், வணிகக் கடிதங்களில் பழைய பகுதியை 1944-ல் பின்வாங்கிய ஜெர்மானியர் எடுத்துச் சென்றார்கள். பிறகு அவை ஜெர்மனியில் கோட்டிங்கனிலும் கோப்லென்ஸிலும் இருந்தன. லூபெக், ஹாம்பர்க், பிரேமன் நகரங்களின் ஆவணங்களில் பலவோ போருக்குப்பின் சோவியத் ஒன்றியத்துக்குப் போய்விட்டன. சொந்த ஊரின் இடைக்காலத்தை ஆராய நினைத்த எஸ்தோனியருக்கு மூலச் சுவடி ஊரிலேயே இல்லை. லூபெக் ஆய்வாளருக்கும் அதே கதி. 1990-ல்தான் இரு தரப்பும் திருப்பிக் கொடுத்துக்கொண்டன. எத்தனையோ உடன்படிக்கைகளைவிட இந்த ஆவணப் பெட்டிகள் வீடு திரும்பியதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பெட்டி திரும்பியதால்தான் தாலினிலேயே உட்கார்ந்து அந்த நகரத்தின் வரலாற்றை மூலத்திலிருந்து படிக்க முடிகிறது.

ஜெர்மனியில் லூனெபர்க்கின் வடகிழக்கு நிறுவனமும், மார்பர்க்கின் ஹெர்டர் நிறுவனமும் இன்று பால்டிக் வரலாற்று ஆய்வில் உழைக்கின்றன. எஸ்தோனியாவில் தார்த்து பல்கலைக்கழகம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கே பாடமொழியே ஜெர்மன்தான்.

தாலினின் பழைய பத்திரங்களைத் தொடும் மாணவர் முதலில் கீழ் ஜெர்மன் படித்தாக வேண்டும், கூடவே லத்தீன். 1561 முதல் தாலினில் ஸ்வீடன் ஆட்சி, ஆகவே ஸ்வீடிஷ். 1710-க்குப்பின் ரஷ்யப் பேரரசு, ஆகவே ரஷ்யன். பண்ணையில் உழைத்தவர்களின் பேச்சும் பாட்டும் வேண்டுமென்றால், எஸ்தோனியம் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது.