சோலை தாண்டாத மரங்கள்

நீலகிரியின் மேற்கு ஓரத்தில், முக்கூர்த்திப் பக்கம் முதன்முதலாகப் போகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். இவ்வளவு மழை கொட்டும் இடத்தில் மரத்தைக் காணோமே? கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். இரண்டு மேடுகள் கூடும் மடிப்பில் மட்டும் கரும்பச்சையாக ஒரு குட்டிக் காடு. அதன் எல்லையும் கத்தரித்து விட்டதுபோல இருக்கும்: ஓரடி இந்தப் பக்கம் வெயில், ஓரடி அந்தப் பக்கம் இருட்டு.

அந்த மடிப்புக் காடுதான் சோலை. நம் சொல்லே ‘ஷோலா’ என்று உலகத் தாவரவியல் நூல்களில் ஏறியிருக்கிறது.

மரங்களைப் புல்வெளிக்குள் விடாத காவலர்களில் முக்கியமானது உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமில்லாத இரவுகளில் புல்வெளி பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். விடியும்போது புல் வெளுத்துக் கிடக்கும். சோலைக்குள் இலைக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் கன்றுகள் தப்புகின்றன. பறவை எச்சத்தோடு வெளியே விழுந்த விதையோ மழைக்கு முளைத்து, மார்கழி தாண்டாமல் கருகிவிடும். புல்லுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் குருத்து மண்ணை ஒட்டிப் பதுங்கியிருக்கிறது. மேலே காய்ந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். பலத்த காற்றும் அவ்வப்போது பரவும் தீயும் இந்தக் காவலில் கூட்டுச் சேர்கின்றன.

விதிவிலக்கு காட்டுப்பூவரசு. இமயமலை ரோடோடென்ட்ரானின் தென்னாட்டு உறவு. தடித்த பட்டையும் சிவந்த பூங்கொத்துமாகப் புல்வெளி நடுவில் தனியாக நிற்கும்.

மனிதர்கள் காட்டை அழித்ததால் வந்ததுதான் இந்தப் புல்வெளி என்று நம்பியவர்கள் உண்டு. பதில் சேற்றில் இருந்தது. நீலகிரிச் சதுப்புகளில் படிந்த மக்கிய தாவரங்களின் கரிமத்தைச் சூழலியலாளர் ராமன் சுகுமார் குழுவினர் ஆராய்ந்து 1993இல் முடிவை வெளியிட்டார்கள். மரத்தின் கரிமமும் வெப்பமண்டலப் புல்லின் கரிமமும் வெவ்வேறு தடயம் விடுபவை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய படிவிலேயே புல்லின் தடயம் இருந்தது.

அவ்வளவு பழைய வீடு என்றால் குடியிருப்பவர்களும் அதற்கேற்ப இருப்பார்கள்தானே. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை, புல் தூர்களுக்கு இடையே தரையிலேயே கூடு கட்டுகிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேய்வது புல்வெளியில், ஒளிவது பாறைச் சரிவில். செந்நாயோ சிறுத்தையோ தென்பட்டால், மந்தை செங்குத்துப் பாறைக்குப் பாய்ந்துவிடும். இமயமலை வரையாட்டைவிடச் செம்மறிக்கே இது நெருங்கிய சொந்தம் என்று 2005இல் மரபணு ஆய்வு சொல்ல, விஞ்ஞானிகள் இதன் பேரினப் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. செம்மறியும் ஆடுதான் என்பதால் தமிழ்ப் பெயர் பிழைத்தது! தமிழக வனத்துறையின் 2025 கணக்கெடுப்பில் தென்பட்டவை 1,303.

சோலைவாசிகளின் கதை வேறு. சோலைக்கிளி (கிளியல்ல, நீல நிறச் சிறு பறவை) குளிர்ந்த நிழலை விட்டு இறங்காது. பாலக்காட்டுக் கணவாயின் வெக்கையைக் கடக்காமலேயே காலம் போனதில், வடக்கே ஓர் இனம், தெற்கே ஓர் இனம் என்று பிரிந்துவிட்டது.

ஆங்கிலேயரின் கண்ணுக்கு இந்தப் புல்வெளி சும்மா கிடக்கும் நிலமாகப் பட்டது. சீகை என்று உள்ளூரில் சொல்லப்படும் ஆஸ்திரேலிய வாட்டில் மரத்தை விறகுக்காகக் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின்னும், தோல் பதனிடப் பட்டை வேண்டும், ரேயானுக்குக் கூழ் வேண்டும் என்று சீகையும் தைலமரமும் சரிவு சரிவாக நடப்பட்டன. சோலை மரத்தால் தாண்ட முடியாத பனியைச் சீகை தாண்டிவிட்டது. இன்று அதை வெட்டி அகற்றுகிறார்கள். ஆனால் அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரம் சாய்ந்து வெயில் பட்டதும், நாற்றங்கால்போல அடர்த்தியாகக் கன்றுகள் கிளம்புகின்றன. வெட்டிய சரிவுக்கே ஆண்டுதோறும் திரும்பி ஏறி, அவற்றைக் கையால் பிடுங்க வேண்டியிருக்கிறது.