பின்னோக்கிப் பார்த்து ஒரு பயணம்

திருவாரூரிலிருந்து ஒரு பாட்டி எழுதியிருக்கிறார். விடுமுறைக்கு வந்த மகள், பத்து மாதப் பேரனுக்கென்று காரில் தனி சீட் ஒன்றைப் பொருத்தியிருக்கிறாள். அதையும் பின்பக்கம் பார்த்தபடி. "நாங்களெல்லாம் ரோட்டைப் பார்த்துப் போகிறோம், பிள்ளை மட்டும் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிறான். என் மடியைவிடவா அது பத்திரம்?" என்று கேட்கிறார்.

சீட் பெல்ட் எதற்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தத் திருப்பி வைக்கும் வித்தை எனக்கு மிகவும் பிடித்தமானது.

கல்லூரிக்கு ஷேர் ஆட்டோவில் போய்வந்த நாட்களில், டிரைவருக்கு முதுகு காட்டி உட்காரும் பலகைதான் எனக்குக் கிடைக்கும். திடீரென்று பிரேக் போட்டால் எதிரே இருப்பவர்கள் அப்படியே என் மேல் வந்து விழுவார்கள். எனக்கோ முதுகு முழுவதும் பின்னால் உள்ள தடுப்பில் அழுந்தும், அவ்வளவுதான். பேரனின் சீட் செய்வதும் இதையேதான்.

பச்சைக் குழந்தையின் தலை அதன் உயரத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. கழுத்தெலும்புகளோ இன்னும் முழுதாக இறுகாமல், இடையிடையே குருத்தெலும்பாகவே இருக்கின்றன. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த பிள்ளையின் உடலைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. அந்தப் பாரம் மொத்தத்தையும் பிஞ்சுக் கழுத்து இழுத்து நிறுத்தவேண்டும். திருப்பி உட்காரவைத்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட் ஒன்றாக ஏந்திக்கொள்கிறது.

பெர்டில் ஆல்ட்மன் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவருக்கு இந்த யோசனை வந்தது விண்வெளி வீரர்களைப் பார்த்து. ஜெமினி கலத்தில் அவர்கள் மல்லாந்து படுத்து, ராக்கெட்டின் உந்துதலை முதுகு முழுவதும் வாங்கிக்கொண்டார்கள். அதே கணக்கில் அவர் செய்த முதல் மாதிரி 1964இல் ஒரு வோல்வோ காரில் சோதிக்கப்பட்டது. இன்றும் அந்த நாட்டில் நான்கு வயதுவரைகூடப் பிள்ளைகள் பின்பக்கம் பார்த்துத்தான் போகிறார்கள். கால் இடிக்காதா என்றால், மடக்கிக்கொள்வார்கள். சம்மணம் போட்டு மணிக்கணக்கில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு அது ஒரு சிரமமே இல்லை.

இனி மடி. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். பத்து கிலோ பேரனைப் பிடித்து நிறுத்த, 140 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டைகள் ஐந்துக்கும் மேல். எந்தப் பாட்டியின் கைக்கும் அது முடியாது, பயில்வான் கைக்கும் முடியாது. பாசத்தில் குறை சொல்லவில்லை அம்மா, கணக்கு அப்படி.

போன மாதம் பெட்ரோல் பங்க்கில், ஸ்டீயரிங்குக்கும் தன் வயிற்றுக்கும் நடுவே மகளை உட்காரவைத்து ஓட்டிவந்த ஒருவரைப் பார்த்தேன். ஏர்பேக் பிரியும் வேகத்தில் அந்தக் குழந்தை என்ன ஆகும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை போலிருக்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ தனி சீட்டோ இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. லட்சக்கணக்கில் கார் வாங்குகிறோம், சீட் கவருக்கும் பாட்டுப்பெட்டிக்கும் தாராளமாகச் செலவழிக்கிறோம். பிள்ளையின் சீட் என்றதும் மட்டும் "இங்கே பக்கத்தில்தானே போகிறோம்" என்று கை சுருங்கிவிடுவது எனக்கு ஆறாத வருத்தம். வாங்கிய சிலரும் பெல்ட்டைத் தொளதொளவென்று விட்டுவிடுகிறார்கள். தோள்பட்டை அருகே நாடாவை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பாகக் கையில் வந்தால் இன்னும் இறுக்கவேண்டும்.

பின்பக்கம் பார்த்த சீட்டை, ஏர்பேக் வேலை செய்கிற முன்சீட்டில் மட்டும் வைக்கவே கூடாது. ஏர்பேக் பிரிந்தால் பிள்ளையின் தலைக்குப் பின்னாலேயே வந்து அறையும். பின் சீட்டிலேயே இருக்கட்டும். நீங்களும் அவனுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், முகம் பார்த்துப் பேசிக்கொண்டே போகலாம். உங்கள் பெல்ட்டையும் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா. கார் மோதி நின்றால், கட்டாத பெரியவர் தூக்கியெறியப்பட்டுப் பிள்ளையின் மேலேயே விழக்கூடும்.