டிக்கெட் கிடையாது, ஒத்திகை கிடையாது. விடிய விடிய இசை நாடகம்: தேனி பக்கம் நாடக சீசன் எப்படி நடக்கிறது?

சென்னையில் இந்த வாரம் என்ன நாடகம் என்று தெரிய வேண்டுமா? போனில் புக்கிங் ஆப்பைத் திறந்தால் போதும். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் கதை எடுபடாது. அடுத்த நாடகம் எந்த ஊரில் என்பதை டீக்கடைச் சுவரில் ஒட்டிய போஸ்டரும், கோயில் கமிட்டி அடித்த திருவிழா நோட்டீஸும்தான் சொல்லும். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா... கீழே நடிகர்களின் போட்டோ, பெயர், ஊர். அனுமதி இலவசம். ராத்திரி 10 மணி வாக்கில் ஆரம்பித்தால், முடியும்போது பொழுது விடிந்திருக்கும்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன?

பாட்டும் வசனமும் கலந்த இசை நாடகத்துக்குத் தென் மாவட்டங்களில் வழங்கும் பெயர் இது. இதன் பிதாமகர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கி, சிறுவர்களுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான். அவர் எழுதிய நாடகங்கள் நூறு ஆண்டுகள் தாண்டியும் கிராமத்து மேடைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒத்திகையே இல்லாமல் எப்படி?

பிராட்வே மியூசிக்கல் என்றால் ஒரே குழு வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்கும். ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து 'புக்' செய்கிறார்கள். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் போன்ற ஊர்களில் இவர்களுக்கு நடிகர் சங்கங்கள் உண்டு.

பல நேரம் எல்லோரும் சந்திப்பதே மேடைக்குப் பின்னால், மேக்கப் போடும் இடத்தில்தான். ஆனாலும் நாடகம் தடுமாறாது. கதை, பாட்டு, ராகம் எல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர் சுருதி எடுத்துக்கொடுத்துப் பின்பாட்டும் பாடுவார். மிருதங்கம், டோலக் கூட வரும். முதலில் பபூன் தனியாக வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பார், அடுத்து டான்ஸ். அதன் பிறகுதான் கதை சூடுபிடிக்கும். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்துக்காகவே தூங்காமல் காத்திருக்கிற கூட்டம் உண்டு. அன்றைக்கு யார் வாய் ஜெயிக்கும் என்பது நடிப்பவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது.

ஏன் சித்திரை, வைகாசி?

மாசி, பங்குனியில் தொடங்கும் சீசன் ஆடி வரை போகும். கம்பம் பள்ளத்தாக்கு இரு போக நெல் பூமி. இரண்டாம் போகம் அறுவடை முடிந்து, ஜூனில் முதல் போகத்துக்கு முல்லைப் பெரியாறு தண்ணீர் திறக்கும் முன் கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் இருக்கும் காலம் இது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா நடப்பதும் சித்திரையில்தான். சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் அம்மனுக்குப் பொங்கல், முளைப்பாரி, கூடவே நாடகம்.

தேனிக்கும் மேடைக்கும் என்ன உறவு?

சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்த எஸ்.எஸ்.ராஜேந்திரன், 1962-ல் தேனி தொகுதியில் ஜெயித்து சட்டமன்றத்துக்குப் போனார். பண்ணைப்புரத்து இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராகக் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு பாடிய பிறகுதான் சென்னைக்கு ரயில் ஏறினார்.

இப்போது என்ன சிக்கல்?

முதல் சிக்கல், கடிகாரம். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் அதிகபட்சம் 15 நாட்களுக்கு, நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். தூக்கம் கெடும் முதியவர்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று பார்த்தால் விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால், 12 மணிக்கு மைக்கை அணைத்தால், வள்ளியும் நாரதரும் தர்க்கத்தைத் தொடங்கியிருக்கவே மாட்டார்கள். மாலையிலேயே ஆரம்பிக்கலாமே என்றால், சாமி ஊர்வலமும் பூஜையும் முடிந்த பிறகுதானே மேடை கிடைக்கும்!

இரண்டாவது, போட்டி. திருவிழாவில் கலை நிகழ்ச்சிக்குக் கிடைப்பது ஓரிரண்டு ராத்திரிதான். அதற்கு இன்னிசைக் கச்சேரியும் ஆடல் பாடலும் வரிசையில் நிற்கின்றன.

மூன்றாவது, வருமானம். சம்பளம் ராத்திரிக் கணக்கு. நாடகம் இல்லாத ராத்திரிக்குக் காசும் இல்லை. சீசனில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மீதி மாதங்களை ஓட்ட வேண்டும். கொரோனாவால் 2020, 2021 என அடுத்தடுத்து இரண்டு சித்திரைகள் கைவிட்டுப் போனபோது இழப்பு எவ்வளவு பெரியது என்பது இதிலிருந்தே புரியும்.

பார்க்கப் போகிறீர்களா?

2023 முதல் சென்னையிலிருந்து போடிக்கு நேரடி ரயில் ஓடுகிறது, தேனியிலும் நிற்கும். சித்திரை, வைகாசியில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கம் யாராவது தெரிந்தவர்களிடம் "உங்க ஊர்ல பொங்கல் எப்போ, நாடகம் உண்டா?" என்று கேட்டால் போதும். தரையில் விரிக்க ஒரு ஜமுக்காளம், பனிக்கு ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு பிடித்திருந்தால் நடிகருக்கு அன்பளிப்பு தரலாம். உங்கள் பெயரை மைக்கில் சொல்லி நன்றி சொல்வார்கள். முக்கியமாக, பபூன் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். அந்த நடிகர்கள் பஸ் ஏறி வந்தது அதற்குப் பிறகு வரும் ராத்திரிக்காகத்தான்.