பிரேக்கில் வெற்றிடக் குறைவை அறியும் முறை

நெல் மூட்டை ஏற்றிய பெட்ரோல் வண்டியில் பிரேக் மிதி கல்போல் இறுகின், அதற்குத் துணைசெய்யும் வெற்றிடத்தைச் சோதித்தல் அவசியம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைகல் இடுக. எஞ்சினை அணைத்து, மிதியை ஐந்தாறு முறை அழுத்துக. பின்பு அழுத்தியபடியே எஞ்சினை இயக்குக. மிதி சற்றே தாழ்ந்தால் குறையில்லை. தாழாவிடில் வெற்றிடமானி கொண்டு அளக்க.

எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில், நிதான ஓட்டத்தில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு காணுதல் இயல்பு. 1000 அடி உயரத்துக்குச் சுமார் 1 அங்குலம் குறைவது பழுதன்று. அங்கு அளவு சரியாயிருந்து, பிரேக் துணைக்கலத்தின் அருகில் குறைந்தால், இடையிலுள்ள ரப்பர் குழாயையும் ஒருவழி வால்வையும் பார்க்க. ஈரிடத்தும் சரியாயின் துணைக்கலமே பழுது. ஈரிடத்தும் குறைந்தால் எஞ்சினைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுக.

சொற்பச் செலவுக்குத் தயங்கிப் பாரவண்டியை இறக்கத்தில் ஓட்டுதல் உயிருக்கே கேடாம்.