லா பொங்கலா, ஸ்க்ராட்டா, கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்வா? இரும்புலியூர் மொட்டை மாடியில் ஒரு ‘பேண்டு’ பட்டிமன்றம்!

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோதுதான் அந்தக் கறுப்புப் பை கீழே இறங்கியது. உள்ளே ஒரு பேஸ் கிடார். நான்கு கம்பிகளில் ஒன்றைக் காணோம். “டேய், இத எடைக்குப் போட்டுடவா?” என்று பெரியம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அண்ணனுக்கு இப்போது 35 வயது. ஓ.எம்.ஆரில் ஐ.டி வேலை. 2010 வாக்கில் காலேஜ் பேண்டு ஒன்றில் பேஸ் வாசித்தவர். அந்த பேண்டு சம்பளம் வாங்கியது ஒரே ஒரு முறை, அதுவும் பிரியாணியாக. பேண்டின் பெயரை எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால் விட்டுவிடுவோம்.

அன்று சாயங்காலம் அவருடைய பழைய பேண்டு நண்பர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் சேலையூர், இன்னொருவர் முடிச்சூர். இரும்புலியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் பைபாஸில் ஏறும் லாரி சத்தம் ஓயாது. அதையும் மீறிக் கத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்பு இதுதான்: 2010 முதல் 2019 வரையிலான பத்து வருடத்தில், நம்ம ஊரின் சிறந்த ஆல்டர்நேட்டிவ் பேண்டு எது?

ஆல்டர்நேட்டிவ் என்றால் என்ன என்பதிலேயே அரை மணி நேரம் ஓடியது. அமெரிக்காவில் பெரிய ரெக்கார்டு கம்பெனிகளுக்கு வெளியே, கல்லூரி வானொலிகளையும் சின்ன கம்பெனிகளையும் நம்பி வளர்ந்த ராக் இசைக்கு வந்த பெயர் அது. 1991-ல் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வந்து ஓஹோவென விற்ற பிறகு, பெரிய கம்பெனிகளே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. “நம்ம ஊர்ல பெரிய கம்பெனின்னா எது? சினிமா. அப்போ சினிமாவுக்கு வெளிய நின்னு சொந்தப் பாட்டு பாடினவன்தான் ஆல்டர்நேட்டிவ்” என்றார் முடிச்சூர் அண்ணன். எனக்கு இது சரியாகப் பட்டது. இங்கே டீக்கடை, கோயில் திருவிழா, கல்யாண வீடு எதுவானாலும் ஒலிப்பது சினிமாப் பாட்டுதானே!

விதிமுறையால் சிலர் முதல் சுற்றிலேயே வெளியே போனார்கள். கர்னாடக சங்கீதத்தை ராக்கோடு சேர்த்து, 2012-ல் முதல் ஆல்பம் போட்ட ‘அகம்’ குழு பெங்களூருக்காரர்கள், அவுட். ‘தைக்குடம் பிரிட்ஜ்’ கேரளா, அவுட். ‘அவியல்’ பெயரை அடித்தபோது மட்டும் அண்ணன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். “2008-ல அவங்க மலையாளத்துல அந்த ஆல்பம் போட்டாங்க. அதக் கேக்கலைன்னா நாங்க இங்கிலீஷ்லயே பாடிட்டு இருந்திருப்போம் பாப்பா. தாய்மொழியில ராக் பாடினா காமெடியா இருக்காதுன்னு எங்களுக்குக் காட்டினதே அவங்கதான்.” சிறப்பு விருந்தினர் என்று ஓரமாக எழுதிவைத்து சமாதானம் ஆனோம்.

அண்ணனின் வோட்டு ‘லா பொங்கல்’ குழுவுக்கு. தர்புகா சிவாவும் அந்தோணி தாசனும் இருந்த நாட்டுப்புற ராக் குழு. அந்தோணி தாசன் தஞ்சாவூர் பக்கம் ரெட்டிப்பாளையத்துக்காரர். சினிமாவில் பேர் வாங்கும் முன் கிராமத்து மேடைகளில் ஆடிப் பாடியவர். “நாங்க வெள்ளைக்காரன் மாதிரி தலைய ஆட்டிட்டு இருந்தோம். அந்த ஆளு மேடையேறி ஒரு நாட்டுப்புறப் பாட்ட எடுத்தாரு பாரு, பின்னாடி நின்ன கிடார், டிரம்ஸ் எல்லாம் அவருக்குப் பக்கவாத்தியம் ஆயிடுச்சு. அன்னிக்கு ரயில்ல தாம்பரம் வந்து, ஜி.எஸ்.டி ரோட்ல வீடு வரைக்கும் நடந்தேன். ஒரு வார்த்தை பேசல.” அண்ணன் பேசாமல் நடந்தார் என்பதை நம்பக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

சேலையூர் அண்ணன் விடவில்லை. அவருக்கு ‘ஸ்க்ராட்’. 2006-ல் சென்னையில் தொடங்கிய குழு. பாடுவது ஆங்கிலத்தில். “இங்கிலீஷ்ல பாடினா நம்ம பேண்டு இல்லையா? மெட்ராஸ் வெயில்ல வெந்த பசங்கதானே? 2017-ல ‘பைசன்’ ஆல்பம் வரைக்கும் பேண்டாவே இருந்தாங்கடா. உங்க ஆளுங்க எல்லாம் எங்க போனாங்க? கோடம்பாக்கம்!”

இந்த ஒரு வார்த்தையில் மாடியே சூடானது.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. லா பொங்கலோடு வேலை செய்த சந்தோஷ் நாராயணன் 2012-ல் ‘அட்டகத்தி’ மூலம் இசையமைப்பாளர் ஆனார். சிவா 2016-ல் ‘கிடாரி’க்கு இசையமைத்தார். நண்பர்களோடு குழுவாகப் பாடிக்கொண்டிருந்த ஷான் ரோல்டன், 2014-ல் மட்டும் ‘வாயை மூடி பேசவும்’, ‘முண்டாசுப்பட்டி’, ‘சதுரங்க வேட்டை’ என்று வரிசை கட்டினார். ‘ஊர்கா’ குழுவின் பிரதீப் குமார் ‘மெட்ராஸ்’ படத்தில் பாடிய ‘ஆகாயம் தீப்பிடிச்சா’ எல்லார் போனிலும் ஏறியது. கேரளாவின் ‘மசாலா காஃபி’ குழுகூட 2016-ல் தமிழுக்கு வந்து ‘உறியடி’க்கு இசையமைத்தது.

“போகாம என்ன பண்ணுவாங்க? பிராக்டிஸ் ரூம் வாடகை, கம்பி, டிரம்ஸ் ஏத்த ஆட்டோ... வந்த காச அஞ்சு பேருக்குப் பிரிச்சா டீ செலவுக்கு வரும்” என்றார் அண்ணன். “ஏ.ஆர்.ரஹ்மானே சின்ன வயசுல ‘நெமெசிஸ் அவென்யூ’னு ராக் பேண்டுல இருந்தவர்தானே? இவங்க சினிமாவுக்குப் போனதால சினிமாப் பாட்டு மாறுச்சில்ல? ‘ஜோக்கர்’ல ஷான் ரோல்டன் போட்ட ‘ஜாஸ்மின்’ பாட்டுக்கு, பாடின சுந்தரய்யருக்கு தேசிய விருது கிடைச்சுது. பேண்டு காலத்துப் பழக்கம் இல்லாம அப்படி ஒரு குரலத் தேடியிருப்பாரா?”

“சினிமா நல்லா ஆச்சு. பேண்டு என்ன ஆச்சு?” என்று கேட்டார் சேலையூர். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

முடிச்சூர் அண்ணன் யாருக்கும் வோட்டுப் போடாமலே உட்கார்ந்திருந்தார். கேட்டேன். அந்தக் காலத்தில் ஒரு சின்ன ரெக்கார்டரோடு எல்லாக் கச்சேரிக்கும் போவாராம். ஐ.ஐ.டி ‘சாரங்’ விழா, கிறிஸ்தவக் கல்லூரி விழா, யாருக்கும் பெயர் தெரியாத குழுக்கள் வாசித்த சின்னச் சின்ன மேடைகள் என்று எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க்கில். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் மூழ்கியபோது அது தரைத்தளத்து மேசை இழுப்பறையில் இருந்திருக்கிறது. மாடிக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்கு அது ஞாபகத்தில் இல்லை. “எது பெஸ்ட்னு நிரூபிக்க என்கிட்ட இருந்த சாட்சி எல்லாம் தண்ணியோட போயிடுச்சு. அதுல சில பேண்டு ஒரு ஆல்பம்கூட போடாமயே கலைஞ்சவங்க. நீங்க பேசுறது மிச்சம் இருக்கறவங்களப் பத்தி.”

எனக்கு உறுத்திய இடம் இது. யூடியூபில் இல்லாத பாட்டு என் வயசுக்காரர்களைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. அன்றிரவு அவர் சொன்ன சில பெயர்களைத் தேடிப் பார்த்தேன். கிடைத்தது, மேடைக்குத் தூரத்தில் நின்று யாரோ எடுத்த இரண்டு ஆடும் வீடியோக்கள். பாட்டைவிடப் பக்கத்தில் நின்றவரின் விசில்தான் நன்றாகக் கேட்கிறது.

நான் சொன்ன பெயர் ‘குரங்கன்’. கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்த குழு. நான் அவர்களிடம் போனதே சுற்றுவழியில்தான். 2017 ஜனவரியில் எண்ணூர் கழிமுகத்துக்காக டி.எம்.கிருஷ்ணா பாடிய ‘பொறம்போக்கு’ பாட்டை ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அனுப்பினார்கள். பேச்சுத் தமிழில், கர்னாடக ராகங்களில் இப்படி எழுதியது யார் என்று தேடினால், கபேர் வாசுகி! அங்கிருந்து குரங்கன் பாட்டுகளுக்கு வந்தேன். என் ஹெட்போனில் இன்றைக்கும் அதிகம் ஓடுவது அவர்கள்தான்.

அப்போதுதான் பஜ்ஜித் தட்டோடு அண்ணி மேலே வந்தார். “நீங்க யாருமே கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேரச் சொல்லலையே?”

“அது கடைசி ரெண்டு வருஷம்தானே” என்று இழுத்தார் அண்ணன்.

பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னெடுத்து, டென்மா இசைத் தலைமை ஏற்ற குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் பேசிய சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து வந்த பெயர். (தாம்பரம் சானடோரியம் சித்த மருத்துவமனைக்கு இருக்கிறதே, அதே பண்டிதரின் பெயர்தான்.) 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் பள்ளி மைதானத்தில் முதல் கச்சேரி. கானா, ராப், ராக், பறை என்று 19 பேர் ஒரே மேடையில். அறிவும் இசைவாணியும் பெரிய அளவில் தெரியவந்தது இங்கிருந்துதான். இசைவாணி 2020-ல் பி.பி.சி-யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். அந்த முதல் கச்சேரிக்கு அண்ணி போயிருக்கிறார். அண்ணனுக்கு அன்று ஆபீஸ்.

“கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க கூட்டிட்டுப் போன கச்சேரி எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அங்க வர்றவங்க எல்லாம் ஏற்கெனவே கிடார் கேட்டு வளர்ந்தவங்க. எங்க அப்பாவ நான் அதுக்குக் கூப்பிட்டிருப்பேனா? கீழ்ப்பாக்கத்துக்கு அப்பா வந்தாரு. எங்க தெருவுல சாவுக்கு அடிக்கிற பறைன்னு மத்தவங்க மூஞ்சியத் திருப்பிக்குவாங்கல்ல, அது டிரம்ஸ் பக்கத்துல, அதே லைட்டுக்குக் கீழ இருந்துச்சு. அப்பா கடைசி வரைக்கும் எந்திரிக்கல.”

லாரி சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் ஒரு பஜ்ஜியை எடுத்து, சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

என்னைக் கேட்டால், பாட்டுக்குப் பாட்டு எடை போட்டால் குரங்கனைத்தான் சொல்வேன். ஆனால் சிறந்த பேண்டு என்றால் அண்ணி கட்சி. மற்ற குழுக்கள் மேடையில் என்ன ஒலிக்கலாம் என்பதை மாற்றின. இவர்கள் மேடைக்கு முன்னால் யார் உட்காரலாம் என்பதையும் மாற்றினார்கள். லா பொங்கலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்த ராத்திரி ஜி.எஸ்.டி ரோட்டில் நான் நடக்கவில்லையே. சேலையூர் அண்ணன் கடைசி வரை ஸ்க்ராட்டை விட்டு நகரவில்லை. “நீங்க எல்லாம் அரசியல் பேசுறீங்க, நான் சத்தத்தப் பேசுறேன்” என்றார். முடிச்சூர் அண்ணன் வோட்டுச் சீட்டில் எழுதிய பெயரை எங்களில் யாருமே கேள்விப்பட்டதில்லை.

பெரியம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டார். மூன்றாவது தடவை, “அந்த கிடார் விஷயம் என்னடா ஆச்சு? காலைல ஆள் வர்றான்” என்று குரல் வந்தது.

ராத்திரி பதினொன்றரைக்குக் கூடத்திலிருந்து ‘டும்... டும்...’ என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். போனில் ஒரு ட்யூனர் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, இருக்கிற மூன்று கம்பிகளையும் அண்ணன் முறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

“தூங்க விடுடா!” என்றார் பெரியம்மா.