சேலை மாற்ற ஓர் அறை வேண்டாமா?

ஜவ்வாது மலைக்கு வருகிறவர்கள் ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "பீமன் அருவிக்கு எப்படிப் போவது?" என்பதுதான். தேனுக்கும் சாமைக்கும் பலாவுக்கும் பெயர் பெற்ற மலை இது. ஆனாலும் மழைக்காலத்தில் அருவிக்குத்தான் முதல் மரியாதை!

அருவிக் கரைகளில் ஒரு காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிப் பாறைமேல் போட்டுவிட்டு நீரில் பாய்கிறார்கள். பெண்களோ செருப்புக்கும் பைக்கும் காவலாகக் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால், "எனக்கு ஜலதோஷம்" என்பார்கள். உண்மை அதுவல்ல. குளித்தால் சேலை மாற்ற இடம் வேண்டும். ஈரச் சேலையோடு பஸ் ஏறி, மலை வளைவுகளில் நடுங்கிக்கொண்டு போளூருக்கு இறங்க யாரால் முடியும்?

உடை மாற்ற அறை கேட்பதை நாகரிக மோகம் என்று சிலர் சொல்லக்கூடும். மொகஞ்சதாரோவில் 1920-களில் தோண்டியெடுத்த பெருங்குளத்தைப் பாருங்கள். 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். நீர் கசியாமல் இருக்க நிலக்கீல் பூசியிருக்கிறார்கள். சுற்றிலும் அறைகள். அவற்றில் சில உடை மாற்றப் பயன்பட்டிருக்கலாம் என்பது புதைபொருள் ஆராய்ச்சியாளர் சிலருடைய கருத்து.

ரோமானியரின் குளிப்பிடங்களில் இதற்கென்றே தனிக்கூடம் உண்டு. சுவரில் துணி வைக்க மாடங்கள். பணக்காரர்கள் துணிக்குக் காவலாக ஓர் அடிமையையும் நிறுத்துவார்கள். அப்படியும் திருட்டு! இங்கிலாந்தில் பாத் என்னும் ஊரில், ரோமானியர் நீராடிய வெந்நீர் ஊற்றிலிருந்து சுமார் 130 ஈயத் தகடுகள் கிடைத்தன. பொருளைத் திருடியவனைத் தண்டிக்கும்படி தேவதையிடம் செய்துகொண்ட முறையீடுகள் அவற்றில் பல. ஒருவர் பறிகொடுத்தது இரண்டு கையுறைகள்! நம் ஊரில் கோயிலில் காசு வெட்டிப் போடுவார்களே, அதே சங்கதிதான்.

துணி போனால் வேறு வாங்கலாம். மானம்? 2024 டிசம்பரில் இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில், தனியார் நடத்திய உடை மாற்றும் அறையில் ரகசியக் காமிரா கண்டுபிடிக்கப்பட்டது. இருவர் கைதானார்கள். காசு கொடுத்து நம்பிக்கையோடு உள்ளே போன பெண்களுக்கு நேர்ந்த கதி இது. சுவரும் கதவும் இருந்தும் பயன் என்ன?

ஆகவே மலையருவியில் புதிதாக அறை கட்டினாலும் சரி, இருப்பதைச் செப்பனிட்டாலும் சரி, முதலில் யார் பொறுப்பு என்பதை முடிவு செய்ய வேண்டும். மலைக் கிராமத்துப் பெண்கள் குழுவிடமே ஒப்படைத்தால் நல்லது. அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். தினமும் மூலைமுடுக்கெல்லாம் சோதித்துப் பார்க்க ஆளும் இருக்கும்.

மற்றவை சின்ன விஷயங்கள். வெள்ளம் எட்டாத மேட்டில், அருவியின் அழகை மறைக்காமல், மலைக் கல்லாலேயே கட்டலாம். ஈரக்கால் வழுக்காத தரை, வெளிச்சம், உள்தாழ்ப்பாள், சேலையை மாட்ட இரண்டு கொக்கி. கைக்குழந்தையோடு வருகிறவள் உட்கார ஒரு திண்ணை. இவ்வளவு போதும். பளிங்கும் கண்ணாடியும் யார் கேட்டார்கள்?

இன்னொன்று. திறப்பு விழா முடிந்த மறுநாளே பூட்டுத் தொங்கி, "சாவி யாரிடம்?" என்று ஈரச் சேலையோடு பெண்கள் அலைய நேரக்கூடாது. சாவி வைத்திருப்பவரின் பெயரும் நேரமும் கதவிலேயே எழுதியிருக்க வேண்டும்.