ஏட்டுச் சுரைக்காயும் சேலை மாங்காயும்

பள்ளிக்கூடத்துச் சித்திர வகுப்புக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நெசவாளர் சங்கமானால் பாவு, ஊடை, கூலி. விவசாயிகள் சங்கமானால் விதை, உரம், கடன். நமது காரியங்கள் இவ்வாறு வரையறுக்கப்பட்டிருக்கையில், குழந்தைகள் வர்ணக்குச்சியால் எதை எழுதினால் நமக்கென்ன என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் செங்கற்பட்டு வட்டாரத்திலும் மாமல்லபுரக் கடலோரத்திலும் சங்கங்களைப் பார்வையிட்டு வரும் நாம், இந்தச் சம்பந்தம் சிறிதன்று என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம். அதற்குரிய காரணங்களை அங்கத்தினர் முன் வைக்க விரும்புகிறோம்.

இவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ‘உணவும் பானமும்’ என்னும் பொருளில் மாணாக்கர்கள் எழுதிய சித்திரங்களைச் சில காலத்துக்கு முன் பார்க்க நேர்ந்தது. சுவர் நிறைய ஆப்பிள் பழங்கள். கொத்துக் கொத்தாகத் திராட்சை. வைக்கோல் குழல் செருகிய சோடாப் புட்டிகள். எழுதிய பிள்ளைகளில் பெரும்பாலோர் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் வீட்டுப் பிள்ளைகள். சிலர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். சிலர் மீனவர் குப்பத்திலிருந்து வருகிறவர்கள். காலையில் வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று ஒரு சிறுமியைக் கேட்டோம். கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் என்றாள். அதை ஏன் எழுதவில்லை என்றதற்கு, “கூழைப் போய் யாராவது படம் போடுவாங்களா, சார்?” என்று சிரித்தாள்.

தன் வீட்டு ஆகாரம் சித்திரத்துக்குத் தகுதியற்றது என்று பத்து வயதுப் பிள்ளை தீர்மானித்துவிடுமானால், அதை விளைவிப்பவரின் தொழிலையும் அவ்வாறே மதிக்கத் தொடங்கும். விவசாயியின் மகன் நிலத்தை விட்டு ஓடுகிறான், நெசவாளியின் மகள் தறியருகே அமர மறுக்கிறாள் என்று மகாசபைக் கூட்டங்களில் பேசுகிறோம். கூலிக் குறைவே முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பிலும் ஒரு காரணம் இருக்கிறது.

ஆப்பிள் நமது சித்திரத் தாளுக்கு வந்த வழியைச் சிறிது கவனிப்போம். அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் வைத்தியர் 1850-ல் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அங்கே கைத்தொழில்கள் பல கற்பிக்கப்பட்டன. நன்மை நிறைய விளைந்தது. ஆயினும் ஐரோப்பிய மாதிரிகளைப் பார்த்து எழுதும் வழக்கம் அந்நாட்களில் எங்கும் வேரூன்றி, படிப்படியாகக் கிராமப் பள்ளி வரையில் இறங்கிவிட்டது. இதில் வேடிக்கை என்னவெனில், அந்த ஐரோப்பியர் பிறர் வீட்டுச் சாப்பாட்டை எழுதியவர் அல்லர். பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியர்கள் தங்கள் கடலில் பிடித்த மீனையும், தங்கள் மாட்டுப் பாலில் செய்த பாலாடைக் கட்டியையும், கடித்து வைத்த ரொட்டியையும் மேசைமேல் கிடந்தபடியே எழுதினார்கள். அதற்கும் முன்னர், இத்தாலியரான ஆர்ச்சிம்போல்டோ காய்கறிகளையும் பழங்களையும் அடுக்கியே மனித முகங்களை எழுதிக் காட்டினார். இரண்டாம் ருடால்ப் சக்கரவர்த்தியின் முகத்தையும் அவ்வாறே எழுதினார். அவர்கள் தங்கள் தட்டைப் பார்த்து எழுதியதை, நாம் அவர்கள் தட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நம் தட்டைப் பார்த்து எழுதும் கலை நமக்குப் புதிதா என்றால், அதற்கு விடை மாமல்லபுரத்திலேயே இருக்கிறது. அங்குள்ள கிருஷ்ண மண்டபத்தை அங்கத்தினர் பலர் பார்த்திருப்பார்கள். முன்னுள்ள தூண் மண்டபம் விஜயநகர காலத்தது. உள்ளே பாறைச் சுவரில் உள்ள சிற்பம் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்தது. கண்ணன் ஒரு கையால் கோவர்த்தன மலையைத் தாங்கி நிற்கிறான். யாத்திரிகர்கள் அவனைத் தரிசித்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். சற்றுத் தள்ளிப் பார்த்தால், ஓர் இடையன் குந்தி அமர்ந்து பால் கறக்கிறான். பசு தன் கன்றை நக்கிக் கொடுத்தபடி நிற்கிறது. கன்றை முன்னே நிறுத்தி அதை நக்க விட்டால்தான் பசு பாலை அடக்காமல் சுரக்கும் என்பது மாடு வைத்திருப்பவர் எவருக்கும் தெரியும். அந்தச் சிற்பிக்கும் தெரிந்திருந்தது. அவன் மாட்டுக் கொட்டிலில் நின்று பார்த்திராவிட்டால் அந்த நாக்கையும் அந்தக் கழுத்து வளைவையும் உளியால் கொண்டுவந்திருக்க முடியாது.

அதே சுவரில் பானைகளைத் தலையில் அடுக்கிச் சுமந்து நிற்கும் ஆய்ச்சி ஒருத்தி இருக்கிறாள். குழல் ஊதுகிறவன் இருக்கிறான். பிள்ளையைத் தோளில் சுமந்தவன் இருக்கிறான். தலைக்கு மேல் மலையே தூக்கப்பட்டிருக்கும் வேளையிலும் பால் கறக்கும் வேலை நிற்கவில்லை என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. பால் சங்கத்து அங்கத்தினர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று முதலில் காட்டத் தக்க இடம் இதுவே.

சிறிது தூரத்தில் உள்ள பெரிய பாறைச் சிற்பத்தை அர்ச்சுனன் தபசு என்பாரும் உண்டு, கங்கை இறங்கி வரும் காட்சி என்பாரும் உண்டு. அந்தச் சர்ச்சை நமக்கு வேண்டாம். பாறைப் பிளவின் அடியில், ஆற்றங்கரையில், நீர்க்குடத்தைத் தோளில் சுமப்பவன் ஒருவனும் நனைந்த துணியைப் பிழிபவன் ஒருவனும் இருக்கிறார்கள். துணி முறுக்கப்படும் விதத்தை நெசவாளர் வீட்டுப் பிள்ளை கூர்ந்து பார்க்கட்டும். பக்கத்துக் குன்றின் சரிவில் உருளாமல் நிற்கும் பெரும் பாறைக்கு வெண்ணெய்ப் பந்து என்று பெயர் வழங்குவதும், உணவும் பானமும் என்ற தலைப்புக்கு நன்றாகவே பொருந்தும்.

இனி, பிள்ளைகள் எழுத வேண்டியவை எவை? பட்டியல் போடுவதைவிட, ஒரே ஒரு பனைமரத்தை எடுத்துக்கொள்ளலாம். கோடையில் நுங்கு வெட்டும்போது குலையின் அமைப்பு ஒரு சித்திரம். காயைச் சீவினால் தெரியும் மூன்று கண்கள் மற்றொரு சித்திரம். பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறத்தில் புளிக்காமலிருக்கச் சுண்ணாம்பு தடவுகிறார்கள். அந்த வெண்மையும் கலயத்தின் செம்மையும் சேர்வது வர்ணப் பாடம். பதநீர் குடிக்கும் பட்டையோ ஓலையையே மடித்துச் செய்த பாத்திரம். ஒரு தட்டையான இலை இரண்டு மடிப்பில் கிண்ணமாகிறதை எழுத முயலும் பிள்ளைக்கு, நிழல் எங்கே விழும், விளிம்பு எங்கே வளையும் என்பதை உபாத்தியாயர் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பிறகு பனங்கிழங்கு, கருப்பட்டி, மரமேறியின் இடுப்பிலுள்ள பாளை அரிவாள். ஒரு மரம் ஒரு பருவத்துக்குப் போதும். செய்யூர்ப் பக்கத்தில் உப்பளம் இருக்கிறது. மதுராந்தகத்தில் ஏரியும் நெல் வயலும் இருக்கின்றன. படாளத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலையும் கரும்பு வண்டிகளும் உண்டு. எந்த ஊரும் வெறும் ஊரன்று.

வெளியே செல்ல வசதியில்லாத பள்ளிக்கும் குறைவில்லை. பிள்ளைகள் தினந்தோறும் உண்ணும் தட்டு அங்கேயே இருக்கிறது. 1920-ல் சென்னை நகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு அளிக்கத் தொடங்கியது, 1956-ல் காமராஜர் அதை மாகாணத் திட்டமாக்கினார், 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கிற்று. நூறாண்டுச் சரித்திரமுள்ள தட்டு அது. அதன் வட்டம், சாதத்தின் குவியல், முட்டையின் பளபளப்பு, பெரிய அண்டாவிலிருந்து எழும் ஆவி, வரிசையில் நிற்கும் முழங்கைகள்: இவற்றுக்கு ஆப்பிள் ஈடாகுமா?

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்று பழமொழி சொல்லிப் பெரியவர்கள் மறுக்கக் கூடும். மெய்தான். ஆனால் ஏட்டு மாங்காய் சேலைக்கு உதவியிருக்கிறது! காஞ்சிபுரம் பட்டிலே கரையிலும் முந்தியிலும் எத்தனை தலைமுறையாக அந்த மாங்காய் காய்த்துக்கொண்டிருக்கிறது என்று நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வர்ணங்களின் பெயர்களைத்தான் பாருங்கள். மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, வெங்காயச் சருகு, எலுமிச்சை, மாதுளை, மிளகாய்ச் சிவப்பு, காப்பிப்பொடி, பாக்கு. கடைக்காரரும் வாங்குபவரும் நெய்பவரும் சாயக்காரரும் ஒரே சொல்லால் ஒரே நிறத்தை அறிந்துகொள்கிறார்கள் என்றால், அந்த அகராதி அடுப்பங்கரையிலும் தோட்டத்திலும் எழுதப்பட்டது. வெங்காயச் சருகை வெயிலில் பிடித்துப் பார்த்து அந்த நிறத்தைக் கலந்து வரும்படி ஒரு பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் எடுக்கும். பத்துத் தாள் வீணாகும். ஆனால் அதற்குப் பின் அந்தப் பிள்ளையின் கண் சாதாரணக் கண்ணாயிராது.

அடுத்த படி கிராப் தாள். இங்கேதான் சங்கத்துக்கு நேரடியான ஆதாயம் இருப்பதாக நாம் கருதுகிறோம். ஜக்கார்டு தறியில் கிராப் தாளின் ஒவ்வொரு கிடைவரிசைக்கும் ஓர் அட்டை; ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் ஊடை. ஆகவே மாங்காயின் வளைந்த மூக்கு தறியில் வளைவாக வருவதில்லை. சிறுசிறு படிகளாக வந்து, தூரப் பார்வைக்கு வளைவாகத் தோன்றுகிறது. எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதை விடுவது என்பதே கலை. முதலில் காயைப் பார்த்து எழுதியவன்தான் இதைச் சரியாகத் தீர்மானிப்பான். பழைய புட்டாவைப் பார்த்து மீண்டும் எழுதுபவன் கையில் மூக்கு ஒவ்வொரு தடவையும் சிறிது மழுங்கும். புதிய மாதிரிக்கு வெளியூர்க் காரியாலயங்களுக்குப் பணம் கட்டும் சங்கங்களை நாம் அறிவோம். நுங்கின் மூன்று கண்ணும், வேர்க்கடலை ஓட்டின் வலைப்பின்னலும், பதநீர்ப் பட்டையின் மடிப்பும் புட்டாவாக முடியும். அவற்றை எழுத வேண்டியவர்கள் நம் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறார்கள்.

சித்திரக்காரனுக்கும் தறிக்கும் உறவு கற்பனையன்று. புகழ்பெற்ற ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008) நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் ஒன்றுகூடி, பட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தின் துணையால் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தார்கள். பதிவு செய்த பெயர் எதுவாயினும், கூட்டுறவுக் கொள்கை அதுதானே!

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். வர்ணப் பெட்டி வாங்குவதற்கு முன் சமையலறையைக் கேட்கலாம். மஞ்சளைக் கரைத்தால் மஞ்சள். அதில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்திச் சிவப்பு. சங்குப்பூச் சாறு நீலம். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். காப்பி டிகாஷன் பழுப்பு. துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் பல நாள் ஊறவைத்து எடுக்கும் கரைசல், கடுக்காய் தோய்த்த துணியில் பட்டவுடன் கறுக்கும். கலம்காரி ஓவியர்களின் கறுப்பு இதுவே. வர்ணம் பரவாமல் நிற்க அவர்கள் துணியைக் கடுக்காயோடு பாலிலும் தோய்த்து எடுக்கிறார்கள். பாவுக்குக் கஞ்சி போடும் நெசவாளருக்கு, ஆகாரம் துணிக்குள் புகுவது புதுமையன்று. மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துவிடும் என்பதை மட்டும் முன்னரே சொல்லிவிடுவது நல்லது; இல்லாவிடில் கண்காட்சி முடிவதற்குள் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். பழைய ஜக்கார்டு அட்டைகளைத் தாளின்மேல் வைத்து, துளைகளின் வழியே வர்ணத்தை ஒற்றி எடுக்கலாம். மிச்சப் பாவு நூலும், அச்சாகாத கணக்குத் தாள்களின் பின்புறமும் பள்ளிக்குப் போகட்டும்.

நிர்வாகக் குழுவினர் செய்யத் தக்கது இதுவே. ஆடியிலோ ஆவணியிலோ தலைமை ஆசிரியரைக் கண்டு, வாரம் ஒரு பிற்பகல் வீதம் ஆறு வாரங்களுக்கு ஏற்பாடு செய்யலாம். முதல் இரண்டு வாரம் வயல், தோப்பு, மீன் இறங்கும் கரை, மாமல்லபுரம். அடுத்த இரண்டு வாரம் பார்த்ததை எழுதுதல். பின்னர் வர்ணமும் கிராப் தாளும். கிராப் தாள் வேலைக்கு, அட்டை குத்தத் தெரிந்த மூத்த அங்கத்தினர் ஒருவரை அனுப்ப வேண்டும். அவருக்கு அன்றைய கூலி நஷ்டமாகாமல் சங்கம் ஈடு செய்ய வேண்டும். மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கலை கற்பிக்கும் அரசினர் கல்லூரியையும், காஞ்சிபுரத்து நெசவாளர் சேவை மையத்தையும் யோசனைக்கு அணுகலாம். பயணச் செலவும் தாள் செலவும் துணைவிதிகள் இடந்தரும் அளவில் பொது நல நிதியிலிருந்து வழங்கத் தீர்மானம் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும்; தீர்மானமின்றி ரொக்கம் கொடுத்துவிட்டுத் தணிக்கையின்போது விளக்கம் தேடுவது கூடாது.

கூட்டுறவு வாரம் நவம்பர் 14-ல் தொடங்குகிறது. குழந்தைகள் தினமும் அன்றே. சித்திரங்களைச் சங்கக் கட்டடத்தில், எல்லாரும் கூலி வாங்க வரும் ஜன்னலுக்கு எதிரில் மாட்டுங்கள். பரிசுத் தொகையைப் பலருக்கும் பிரித்து வையுங்கள். ஒரு புட்டாவையாவது தேர்ந்தெடுத்து, அட்டை குத்தி, சிறு துணித் துண்டில் நெய்து, எழுதிய பிள்ளையின் பெயரைத் துண்டோடு சேர்த்து மாட்ட வேண்டும். அதற்குத் தறி ஒதுக்க வேண்டுமாதலால், புரட்டாசிக்குள் நெசவாளரிடம் சொல்லி வைப்பது அவசியம்; தீபாவளி வேலை குவிந்த பின் எந்தத் தறியும் கிடைக்காது.